6,260 ரூபாய் மிச்சம்

போன தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நாலரை மணிக்கு புனேவுல எந்திரிச்சேன். அடுத்து ஒழுங்கா படுத்தது திங்கக்கிழமை மத்தியானம் நாங்குநேரியில. நடுவுல ஒரு கல்யாணம், ஒரு ஃப்ளைட், ஒரு எலக்ட்ரிக் ட்ரெயின், ரெண்டு பஸ். எல்லாம் எதுக்கு? 6,260 ரூபாயை மிச்சம் பிடிக்க. பிடிச்சேனா? பிடிச்சேன். அந்தக் காசு எங்கேர்ந்து மிச்சமாச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. பயணக் கட்டுரைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். பாதிக்கு மேல புலம்பல்தான் :-)

முதல்ல முன்கதைச் சுருக்கம். நம்ம ஜாகை செம்பாக்கம். தாம்பரம் - வேளச்சேரி ரோட்டுல ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினா வருமே, அதே செம்பாக்கம். பொட்டி தட்டுற பொழப்பு. சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். கல்லூரித் தோழன் ஒருத்தன் புனேவுல ஒரு மராத்திப் பொண்ணைப் பார்த்து, பழகி, ரெண்டு வீட்டையும் சமாளிச்சு, ஒருவழியா கல்யாணத் தேதி குறிச்சான். ஞாயித்துக்கிழமை காலை முகூர்த்தம். போகாம இருக்க முடியாது. அவனுக்காக ரெண்டு வீட்டுலயும் பேசினவன் நான்.

அதே நேரம் ஊர்லேர்ந்து அம்மா ஃபோன். அக்கா பொண்ணுக்கு திங்கக்கிழமை குலதெய்வம் கோயில்ல காது குத்து. ராகு காலம் ஏழரை டூ ஒம்பது. அது முடிஞ்சதும் ஒம்பதேகாலுக்கு குத்தணும்.

"அன்னைக்குக் காலையிலதாம்மா வர முடியும். கொஞ்சம் லேட்டானா நீங்க ஆரம்பிச்சிருங்க"ன்னு சொல்லிப் பார்த்தேன்.

"ஆரம்பிச்சிருங்கன்னா? பிள்ளைய யாரு மடியில உக்கார வைக்க? தாய்மாமன் நீ ஒருத்தன்தானடா இருக்க?"

பதில் இல்லை. ஆக ஞாயித்துக்கிழமை மத்தியானம் புனேவுல சாப்பிட்டுட்டு, திங்கக்கிழமை காலை ஒம்பது மணிக்குள்ள நாங்குநேரியில மடியை விரிச்சு உக்காந்திருக்கணும்.

எக்செல்லைத் திறந்தேன் (நமக்குத் தெரிஞ்ச ஒரே வழிபாடு). புனேயிலேர்ந்து சென்னை வழியா தூத்துக்குடிக்கு ஒரே டிக்கெட், ராத்திரிக்குள்ள ஊர் போயிடலாம்: 12,400 ரூபாய். நெல்லை எக்ஸ்பிரஸ் பக்கம் போனா வெயிட்டிங் லிஸ்ட் மூணு இலக்கத்துல நிக்குது. முகூர்த்த சீசன் இல்லையா. மூணாவது வழி, மதியம் 1.10-க்கு புனேயில கிளம்பி 2.55-க்கு சென்னையில இறங்குற மலிவு விமானம் 4,890 ரூபாய். அப்புறம் ராத்திரி எட்டரைக்கு கிளாம்பாக்கத்துலேர்ந்து நாங்குநேரி வழியா நாகர்கோவில் போற ஸ்லீப்பர் பஸ் 1,250 ரூபாய். மொத்தம் 6,140. மிச்சம் 6,260!

இதுல இன்னொரு சௌகரியம். மூணு மணிக்கு இறங்கினா நாலரைக்கு செம்பாக்கம் ரூமுக்குப் போயிடலாம். குளிச்சு, ரெண்டு மணி நேரம் தூங்கி, அக்கா பொண்ணுக்கு வாங்கி வச்ச தோடு, பட்டுப்பாவாடை இருக்கிற பையை எடுத்துகிட்டு நிதானமா கிளாம்பாக்கம். எக்செல்ல எல்லாமே அழகாத்தான் இருந்துச்சு.

கல்யாணம் நல்லபடியா நடந்தது. பதினொன்றரைக்கெல்லாம் புனே ஏர்போர்ட்டுல இருந்தேன். பன்னிரண்டே காலுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். விமானம் 2.30-க்குத்தான் கிளம்புமாம். ஒரு மணிக்கு இன்னொண்ணு, 3.40. கடைசியில கிளம்பினது 4.45-க்கு.

எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. பேரு முக்கியம் இல்லை, ஏன்னா இது அந்த வியாபாரம் நடக்கிற விதத்துலேயே இருக்கு. 2003-ல கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் ஆரம்பிச்சப்ப (அதான், 'சூரரைப் போற்று' படத்துக்கு அடிப்படையா இருந்த மனுஷர்) சில சீட்டுகளை ஒரு ரூபாய்க்குக் கூட வித்தாங்க, வரி தனி. ஏர் டெக்கான் அப்புறம் கிங்ஃபிஷர் கைக்குப் போய் காணாமப் போச்சு. ஆனா அந்த சூத்திரம் நின்னுடுச்சு. முடிஞ்ச வரைக்கும் ஒரே ரக விமானமா வாங்கு, அப்பத்தான் பைலட்டும் உதிரி பாகமும் எல்லாத்துக்கும் பொதுவா இருக்கும். சாப்பாடு, பிடிச்ச சீட்டு, கூடுதல் பை, எல்லாத்துக்கும் தனிக்காசு வாங்கு. எல்லாத்துக்கும் மேல, விமானத்தைத் தரையில நிக்க விடாதே. இறங்கின அரை மணி நேரத்துல அடுத்த கூட்டத்தை ஏத்திப் பறக்க விடு. ஒரே விமானம் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை பறந்தாதான் 4,890 ரூபாய்க்கு டிக்கெட் கட்டுப்படியாகும்.

நம்ம பாஷையில சொன்னா, நடுவுல பஃபரே இல்லாத ஷெட்யூல். விடியக்காலையில எங்கேயோ மூடுபனியில ஒரு மணி நேரம் தாமதமானா, அது ஒவ்வொரு ஊரா உருண்டு, பெருத்து, மத்தியானம் புனேவுல உக்காந்திருக்கிறவன் தலையில வந்து விழும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க அந்த நாளோட முதல் ஃப்ளைட்டுல போவாங்க. நமக்கு எப்பவும் போல விவரம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்.

தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய ஒரு விஷயம். ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போய்ச் சேர்ற விமானம் ரெண்டு மணி நேரமோ அதுக்கு மேலயோ தாமதமாகும்னா, காத்திருக்கிற பயணிகளுக்கு விமான நிறுவனம் காசு வாங்காம சாப்பாடு, சிற்றுண்டி தரணும். இது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தோட விதி. ஆறு மணி நேரத்துக்கு மேல தாமதம்னா வேற விமானமோ முழுப் பணமோ கேக்கலாம். என் பக்கத்துல ஒரு அம்மா, மகள் வீட்டுக்கு வந்துட்டு காஞ்சிபுரம் திரும்புறவங்க. ரெண்டு மணியிலேர்ந்து கவுண்டர் மேல இருக்கிற மெனுவையும் கைப்பையையும் மாத்தி மாத்திப் பார்த்துகிட்டு இருந்தாங்க. நான் போய்க் கேட்டதும், மறுப்பேச்சு பேசாம சாண்ட்விச்சும் ஜூஸும் எடுத்துக் குடுத்தாங்க. கேக்காத வரைக்கும் யாரும் கூப்பிட்டுக் குடுக்கலை. அந்தம்மா "எவ்ளோப்பா ஆச்சு?"ன்னு பர்ஸை எடுத்தாங்க. "காசு இல்லம்மா, அவங்க குடுக்கணும்"னு சொன்னதை கடைசி வரைக்கும் முழுசா நம்பலை.

ஆனா விதி அதோட சரி. நான் சென்னையில பஸ்ஸைத் தவற விட்டா? அது என் தலைவிதி. தூத்துக்குடி வரைக்கும் ஒரே டிக்கெட்டா எடுத்திருந்தா, முதல் விமானம் லேட்டானாலும் ஊர் கொண்டு சேர்க்கிற பொறுப்பு அவங்களுது. தனித்தனியா எடுத்தா, விமானக்காரருக்கு பஸ்ஸைத் தெரியாது, பஸ்காரருக்கு விமானத்தைத் தெரியாது. 12,400-ல நான் வேண்டாம்னு கழிச்சது ஒரு விமானத்தை மட்டும் இல்லை, அந்தப் பொறுப்பையும்தான். எக்செல்ல அதுக்கு ஒரு காலம் கூட நான் போடலை.

சென்னையில இறங்கினப்ப மணி 6.35. பெல்ட்டுல பை வர ஏழு. எட்டரைக்கு பஸ். செம்பாக்கம் போய்த் திரும்ப வழியே இல்லை. ரூம்மேட்டுக்கு ஃபோனைப் போட்டேன். "மச்சி, பீரோ மேல நீலப் பை. தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்துடு, தெய்வமே!" திட்டிகிட்டே கிளம்பினான்.

ஏர்போர்ட்டுக்கு எதிர்லேயே திரிசூலம் ஸ்டேஷன். ரோட்டைக் கடந்தா 5 ரூபாய் டிக்கெட்டுல தாம்பரம். இவ்வளவு அலைச்சல்லயும் சொன்ன மாதிரி நடந்த ஒரே விஷயம் அந்த எலக்ட்ரிக் ட்ரெயின்தான். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம். கால் மணி நேரம். நண்பன் கேம்ப் ரோடு நெரிசலைத் தாண்டி கிழக்குப் பக்கம் வந்து நின்னான். ஹெல்மெட்டைக் கூட கழட்டாம பையைக் கையில திணிச்சுட்டு, "தோடு உள்ள இருக்கு, செக் பண்ணிக்க. அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது"ன்னான். ஒரு கையில புனே பை, இன்னொரு கையில தாய்மாமன் சீர். நடைமேம்பாலம் ஏறி மேற்கே இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டுல கிளாம்பாக்கம் பஸ்ஸைப் பிடிச்சு, பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி உள்ளே நுழைஞ்சப்ப மணி 8.25.

கிளாம்பாக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை. 2002-ல கோயம்பேடு திறந்தப்ப ஊருக்கு வெளியேன்னாங்க. 2023 டிசம்பர் 30-ல 88 ஏக்கர்ல கிளாம்பாக்கம் திறந்தப்பவும் அதையேதான் சொன்னாங்க. வடசென்னைக்காரங்களுக்கு அந்தக் கோபம் நியாயம். எங்க மாதிரி தாம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு, உண்மையைச் சொல்லணும்னா, அது லாபம். ஆனா திறந்த அன்னைக்கு, பக்கத்துலேயே ரயில் பாதை ஓடியும் அங்கே இறங்க ஒரு ஸ்டேஷன் இல்லை. பஸ் நிலையத்தை ஒரு துறை கட்டும், ரயிலை இன்னொரு துறை ஓட்டும், நடுவுல இருக்கிற தூரத்தை பெட்டியோட பாட்டி நடக்கும். என் ரெண்டு டிக்கெட்டுக்கு நடுவுல இருந்த பள்ளமும் இதே ஜாதிதான்.

இவ்வளவு ஓடி வந்தேனா... பஸ் கிளம்பினது 9.05-க்கு. அவ்வ்வ்வ்.

மேல் பெர்த். படுத்ததும் முதல் வேலையா அவசரக் கதவு எங்கே, கண்ணாடி உடைக்கிற சுத்தியல் எங்கேன்னு பார்த்தேன். 2025 அக்டோபர் 24 விடியக்காலையில கர்நூல் பக்கத்துல ஹைதராபாத் - பெங்களூரு ஸ்லீப்பர் பஸ் எரிஞ்சு, தூக்கத்துல இருந்தவங்க கருகிப் போனாங்களே, அதுலேர்ந்து வந்த பழக்கம். சுத்தியல் மாட்டுற கொக்கி இருந்துச்சு. சுத்தியல் இல்லை.

தூக்கம் வரலை. காலையிலேர்ந்து ஓடின உடம்பு, ஆனா படபடப்பு அடங்கலை. விழுப்புரம் தாண்டி ஒரு மோட்டல்ல நிறுத்தினாங்க. இறங்கி முகம் கழுவப் போனேன். குழாயடியில டிரைவர் தலையை நேரா தண்ணிக்குள்ள குடுத்துகிட்டு நின்னார். முகம் கழுவுறது வேற, இது வேற. அப்பவே லேசா வயித்துல ஒரு புளி.

திருச்சி தாண்டினது தெரியும். விராலிமலை தாண்டியிருக்கும், மணி மூணுக்குப் பக்கம். திடீர்னு சக்கரத்துக்கு அடியில டர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். ரோட்டோரத்துல போட்டிருக்கிற மேடுக் கோடு மேல வண்டி ஏறுது. அடுத்த வினாடி வெடுக்குன்னு உள்ளே திரும்புது. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடியும் டர்ர்ர். பஸ்ல ஒருத்தரும் அசையலை. எல்லாரும் நம்பித் தூங்குறாங்க.

நான் இறங்கி, தட்டுத் தடுமாறி முன்னாடி போய் கேபின் கதவைத் திறந்தேன். கிளீனர் பையன் சீட்டுக்குக் கீழே சுருண்டு கிடக்கான். டிரைவர் பாட்டு கூட போடலை.

"என்ன தம்பி, பாத்ரூமா? மேலூர் தாண்டி நிறுத்துறேன்."

"இல்ல அண்ணாச்சி. தூக்கம் வரல. இங்க கொஞ்ச நேரம் உக்காந்துக்கவா?"

ஒரு நிமிஷம் கண்ணாடியில என்னைப் பார்த்தார். எதுக்கு வந்திருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. "உக்காருங்க"ன்னார்.

என்ன பேசினோம்? எதையெதையோ. அவருக்கு சாத்தூர் பக்கம். ரெண்டு பொண்ணுங்க, பெரியவ நர்சிங் படிக்கிறா. ராத்திரி வண்டி ஓட்ட ஆரம்பிச்சு பத்தொம்பது வருஷம். மெதுவா கேட்டேன்.

"மாத்து டிரைவர் கிடையாதா அண்ணாச்சி?"

"கணக்குல ரெண்டு பேருதான். அவருக்குக் காய்ச்சல். சீசன்ல ஆளுக்கு எங்க போக?"

"நேத்து எங்க இருந்தீங்க?"

"நேத்து ராத்திரி நாகர்கோவில்லேர்ந்து இதே வண்டியத்தான் ஓட்டிட்டு வந்தேன். காலையில எட்டு மணிக்கு இறக்கிவிட்டேன். அப்புறம் வண்டி கழுவணும், டீசல் போடணும். மத்தியானம் இந்த பெர்த்துலதான் படுத்தேன். வெயில்ல தகரம் மாதிரி காயுது, எங்க தூங்க?"

மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். ஒண்ணரை நாள்ல ரெண்டு தடவை 600 கிலோமீட்டர். நடுவுல மூணு மணி நேரம் படுத்திருப்பார், தூங்கினாரான்னு தெரியாது. பின்னாடி முப்பது உயிர். அதுல ஒண்ணு நான், என் கையில ஒரு குழந்தையோட தோடு.

"பயப்படாதீங்க தம்பி. கொண்டு போய் சேர்த்திருவேன்"ன்னார் அவரே. மதுரை தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தி ரெண்டு டீ சொன்னார். காசு குடுக்கப் போனேன், வாங்க விடலை. கோவில்பட்டி தாண்டுறப்போ விடிஞ்சுது. 7.40-க்கு நாங்குநேரி. இறங்குறப்போ "மருமகளுக்கு நல்லபடியா குத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். அவருக்கு இன்னும் நாகர்கோவில் வரைக்கும் ஓட்டணும்.

இனிமேதான் என் புலம்பல்.

அந்த மனுஷரை எனக்குக் குத்தம் சொல்ல வாய் வரலை. ஆனா நடந்தது சின்ன விஷயமும் இல்லை. 1997-ல 'நேச்சர்' இதழ்ல ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் ஒரு சோதனை முடிவை எழுதினாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருக்கிறவரோட கையும் கண்ணும், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவரோட அளவுக்குத் தடுமாறுதாம். 24 மணி நேரம்னா 0.10 சதவீதத்துக்குச் சமம். நம்ம நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்துல குடிச்சு ஓட்டுற குத்தத்துக்கு வரம்பே 0.03 சதவீதம்தான். அதாவது தூங்காத டிரைவர், சட்டப்படி குடிச்ச டிரைவரை விட மோசமான நிலையில ஓட்டலாம். ஒரே வித்தியாசம், குடிச்சவரை வாயை ஊதச் சொல்லிப் பிடிச்சுடலாம். தூக்கத்தை ஊதிக் காட்டச் சொல்ல முடியாது.

இப்போ வானத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பைலட்டுகளோட ஓய்வு நேர விதியை 2025-ல ரெண்டு கட்டமா இறுக்கினாங்க. வாராந்திர ஓய்வு 36 மணியிலேர்ந்து 48 மணி. ராத்திரி நேர இறக்கம் ஆறுலேர்ந்து ரெண்டு. நவம்பர் 1-ல ரெண்டாம் கட்டம் வந்ததும், நாட்டோட மிகப் பெரிய விமான நிறுவனத்துக்கு பைலட்டு பத்தலை. டிசம்பர் முதல் வாரத்துல ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. ஏர்போர்ட்டெல்லாம் பெட்டி மலை. டிவியில ராத்திரி பகலா விவாதம், நாடாளுமன்றத்துல கேள்வி, டிக்கெட்டுக்கு உச்ச விலை. கடைசியில அந்த நிறுவனத்துக்குக் கொஞ்ச காலத்துக்கு விதியைத் தளர்த்திக் கொடுத்தாங்க. நடந்தது சரியா தப்பா, அது வேற சண்டை. ஆனா ஒரு பைலட் எத்தனை மணி நேரம் தூங்கணும்னு நாடே பேசிச்சு.

ஜி.எஸ்.டி. ரோட்டுல ராத்திரி ஓடுற டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்கணும்னு யார் பேசினாங்க? சட்டம் இல்லாம இல்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலைன்னு சொல்லிடுச்சு. 2025 நவம்பர் 21-லேர்ந்து அந்தச் சட்டம் புது தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள போயாச்சு. அதுலயும் நாளைக்கு 8 மணி நேரம்தான். எண் பிரமாதமா இருக்கு. எண்ணுறதுக்குத்தான் ஆள் இல்லை.

பைலட்டோட ஒவ்வொரு மணி நேரமும் பதிவாகுது. ஐரோப்பாவுல பஸ், லாரி டிரைவருக்கும் அப்படித்தான். வண்டியில டேக்கோகிராஃப்னு ஒரு கருவி, அதுல டிரைவர் தன்னோட அட்டையைச் செருகணும். நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு, சாதாரணமா ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். மீறினா கருவி காட்டிக் குடுத்துடும்.

நம்ம கிட்ட கருவி இல்லைன்னு சொல்லாதீங்க. 2019 ஜனவரி 1-லேர்ந்து பதிவாகிற புது பஸ்ஸுகள்ல இடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்கணும்னு மத்திய அரசு விதியே இருக்கு. என் அக்கா வீட்டுல உக்காந்துகிட்டு "தம்பி சாத்தூர் தாண்டிட்டான்"னு செல்ஃபோன்ல பார்த்துச் சொல்றா. வண்டி எங்கே இருக்குன்னு நொடிக்கு நொடி தெரியுது. ஓட்டுறவர் எத்தனை மணி நேரமா முழிச்சிருக்கார்னு மட்டும் தெரியலை. இத்தனைக்கும் பஸ் கிளம்புறப்போ டிரைவர் தன் லைசென்ஸ் எண்ணையும் கைரேகையையும் பதிவு பண்ணிட்டு ஏறணும்னு வச்சா போதும். எட்டு மணி நேரத்துக்கு முன்னாடி வேற டிரிப் முடிச்சு இறங்கினவரா, சிவப்பு விளக்கு. எங்க டீம்ல மூணு பேர் உக்காந்தா ரெண்டு மாசத்துல எழுதிடுற சமாச்சாரம் இது. ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது.

டிக்கெட் விக்கிற தளங்களையும் விடப் போறதில்லை. தண்ணி பாட்டில் உண்டா, போர்வை உண்டா, சார்ஜர் உண்டா, எல்லாத்துக்கும் குட்டிக் குட்டிப் படம் போடுறாங்க. 'இந்த வண்டியில ரெண்டு டிரைவர்' அப்படின்னு ஒரு படம் போட்டா என்ன? போர்வை இல்லைன்னா எனக்குக் குளிரும், அவ்வளவுதான். ரெண்டாவது டிரைவர் இல்லைன்னா?

எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. ராத்திரி ரிலீஸ்ல உக்காந்தவன் மறுநாள் புரொடக்‌ஷன்ல கை வைக்கக் கூடாது. வீட்டுக்குப் போய்த் தூங்கணும். ஏன்னா தூங்காதவன் தப்பு பண்ணுவான்னு கம்பெனிக்குத் தெரியும். நான் தப்பு பண்ணினா யாரோ ஒருத்தருக்கு பில் பக்கம் திறக்காது. அதுக்கே இந்தப் பாதுகாப்பு.

இந்த இடத்துல என் நண்பன் (நீலப் பை கொண்டு வந்தவன்தான்) ஒரு எதிர்க்கேள்வி கேட்டான். "இதெல்லாம் செஞ்சா டிக்கெட் விலை ஏறும்டா. அப்புறம் ஏழைபாழைங்க எப்படிப் போவாங்க?" நியாயமான கேள்வி. மலிவு டிக்கெட்டை நான் திட்ட மாட்டேன். மலிவு விமானம் வரலைன்னா எங்க அப்பா மாதிரி ஆளுங்க ஏர்போர்ட்டு உள்பக்கத்தையே பார்த்திருக்க மாட்டாங்க. ராத்திரி பஸ் இல்லைன்னா லாட்ஜ் வாடகை, ஒரு நாள் லீவு, ரெண்டும் போச்சு. சென்னையில வேலை பார்க்கிற தெக்கத்திக்காரன் பாதிப் பேருக்கு ஊர்னு ஒண்ணு இன்னும் இருக்குன்னா, அது அந்த ஸ்லீப்பர் பஸ்ஸாலதான்.

ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டாவது டிரைவருக்கு ஒரு ராத்திரிச் சம்பளம் 2,000 ரூபாய்னே வச்சுக்குவோம். முப்பது பேர் பிரிச்சா ஆளுக்கு 67 ரூபாய். மோட்டல்ல நான் தின்ன தோசை அதை விட ஜாஸ்தி. 67 ரூபாய் ஏறினா ஊருக்குப் போகாம நின்னுடப் போறவங்க யாரும் இல்லை. ஆனா ஒரு கம்பெனி மட்டும் நேர்மையா 67 ரூபாய் ஏத்தினா, நம்ம ஆளுங்க 'விலை: குறைவிலிருந்து அதிகம்'னு வரிசைப்படுத்தி, அந்த பஸ்ஸைக் கீழே தள்ளிடுவோம். 'நம்ம ஆளுங்க' என்ன, நானேதான். அதனாலதான் இது ஒரு முதலாளியோட நல்ல மனசுக்கு விடுற விஷயம் இல்லை, எல்லாருக்கும் ஒரே விதியா வரணும்கிறேன். பைலட்டு விஷயத்துல விதி வந்தப்புறம்தான் ஓய்வு வந்துச்சு.

மறுபடி அந்த 6,260 ரூபாய். ஏர்போர்ட் காப்பி, ரெண்டு இடத்து கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு சில்லறை போக 5,500 ரூபாய் நிஜமாவே மிச்சம். அது வானத்துலேர்ந்து விழலை. பஃபர் இல்லாத விமானத்துல கொஞ்சம், நடுவுல யாரும் பொறுப்பெடுக்காத பள்ளத்துல கொஞ்சம். பெரும்பகுதி, சாத்தூர்க்காரர் ஒருத்தர் தூங்காத தூக்கத்துல. அவர்கிட்ட கேட்டு எடுத்ததில்லை. டீக்காசு வேற அவரே குடுத்தார்.

காது குத்து? ஒம்பதேகாலுக்குக் கரெக்டா நடந்துச்சு. மருமக என் மடியில உக்காந்து ஊரைக் கூட்டினா. ஃபோட்டோ வந்திருக்கு. எல்லாரும் குழந்தையைப் பார்க்கிறாங்க, குழந்தை கேமராவைப் பார்த்து அழுவுது, தாய்மாமன் கண்ணை மூடிகிட்டு இருக்கான். அம்மா, 'சாமி கும்பிடுறான்'னு எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டு இருக்காங்க. நானும் மறுக்கலை.

பி.கு. 1: இனிமே மலிவு டிக்கெட் எடுக்க மாட்டேன்னு சபதமெல்லாம் இல்லை. எடுப்பேன். ஆனா நாளோட முதல் ஃப்ளைட், நடுவுல குறைஞ்சது ஆறு மணி நேர இடைவெளி. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி "ரெண்டு டிரைவர் இருக்காங்களா?"ன்னு கேக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். போன வாரம் அப்படிக் கேட்டேன். புக்கிங் ஆபீஸ் ஆள் என்னை ஏதோ ஆர்.டி.ஓ. மாதிரி பார்த்தார். பத்துப் பேர் கேட்டா பழகிடும். நீங்களும் கேளுங்க.

பி.கு. 2: மூணு மணி வாக்குல தூக்கம் கலைஞ்சா, செல்ஃபோனை நோண்டாம கேபின் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க. "அண்ணாச்சி, டீ சாப்பிடுவோமா?"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்ல மாட்டார்.